கடைசிக் கூறு

ஜூலை 9

மழை விட்டபாடில்லை. துணி காயவில்லை, பேட்டரி ஏறவில்லை, அரிசியில் வண்டு வைத்துவிட்டது. இருந்தாலும் இன்றைக்கு யாரையும் திட்டப்போவதில்லை. முந்தாநாள் வேலாங்காட்டுக்கு இறங்கிப்போய் ட்ரெய்லரை நெட்டில் ஏற்றிவிட்டு வந்தேன். மூன்று வருஷமாக இந்தக் கெட்டிமலையில் அட்டைக்கு ரத்தம் கொடுத்து, தயாரிப்பாளர் என்று ஒருத்தரும் இல்லாமல் நானே எடுக்கிற படம். இன்று சிக்னல் பாறையில் ஏறி போனைத் திறந்தால் பாராட்டு மேல் பாராட்டு. "மலைமக்கள் வாழ்க்கையை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததேயில்லை" என்று ஒருத்தர் எழுதியிருக்கிறார். கிட்டத்தில் என்றால் என்ன, மூடிக்கிடக்கிற பள்ளிக்கூடத்து அறையில் குடியே இருக்கிறேனே அய்யா!

எல்லாருக்கும் பிடித்தது ஜடையன் சிரிக்கிற ஷாட். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான், அவன் பெண்டாட்டி மாதி என்னமோ கிண்டல் பண்ணுவாள், இவன் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். கொண்டுபோய்க் காட்டினேன். "ஏ பொட்டிக்காரி, என்னை ஏன் இவ்வளவு கறுப்பா எடுத்து வெச்சிருக்கே?" என்றான். கேமராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கிய நாளிலிருந்து இந்த ஊரில் எனக்கு அதுதான் பேர். வெண்மணி என்று எங்கப்பா ஆசையாக வைத்த பேரை இங்கே ஒரு ஜீவன் சொல்வதில்லை.

மாதி மட்டும் போனைத் திருப்பி வாங்கி இன்னொரு தடவை பார்த்தாள்.

ஜூலை 12

மழை. அட்டை. உப்புமா.

ஜூலை 15

ஜடையனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஜீப் சத்தம். ஃபாரஸ்ட் ரேஞ்சரும் நாலைந்து வனக்காவலர்களும் நேராக அவன் வீட்டுக்குப் போனார்கள். நான் ஈரக் கையோடு ஓடினேன். ரேஞ்சர் கையில் போன். போனில் என் ட்ரெய்லர். சிரிக்கிற ஷாட்டை நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கி, ஜடையன் மூஞ்சிக்கு நேரே நீட்டினார். அவன் தலைக்குப் பின்னால், அடுப்புக்கு மேலே இருக்கிற பரணில், கறி வார் வாராகத் தொங்குகிறது.

"இது என்னது?"

ஜடையன் பார்த்தான். "கறிங்க."

"என்ன கறி?"

"கடமானுங்க."

இந்த ஆளுக்குப் பொய்யே வராதா! ஆட்டுக்கறி என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். இவர்கள் ஊரில் யாரிடம் ஆடு இருக்கிறது, அதுவும் சரிதான்.

"யாரு சுட்டது?" என்று கேட்டார். யாரும் சுடவில்லை என்றான். கண்ணி வைத்தாயா என்றார். இல்லை என்றான். ஏற்று என்றார். ஏற்றிவிட்டார்கள். நான் குறுக்கே நின்று கத்தினேன். "மேடம், உங்க வீடியோ ரொம்பத் தெளிவா இருக்கு" என்றார் ரேஞ்சர், மரியாதையாகத்தான்.

மாதி வாசலில் நின்றாள். என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. உள்ளே போய்ப் பரணைத் தட்டித் துடைக்க ஆரம்பித்தாள், அதில் இப்போது ஒன்றுமே இல்லை.

பின்னால் தொங்கியது என் கண்ணில் படவில்லை. புகை வேறு. யாருக்குமே தெரிந்திருக்காது.

ஜூலை 16

வேலாங்காட்டில் லாட்ஜ் எடுத்திருக்கிறேன். வக்கீல் லூர்து சாரைப் பிடித்தேன். மலைக்காரர்கள் கேஸ் என்றால் பாதி ஃபீஸ்கூடக் கேட்கமாட்டார் என்று சொன்னார்கள், ஆள் அப்படித்தான், ஆனால் வாய் கொஞ்சம் நீளம்.

"கடமானைக் கொன்னதா கேஸ் போட்டிருக்காங்க. லேசுல வெளியே வரமுடியாதும்மா."

"சார், அவன் கொல்லவே இல்லை. செந்நாய் கொன்னது. என்கிட்ட இருக்கு! நாய் கொல்றதுலேருந்து எல்லாம் ஒரே ஷாட்ல இருக்கு!"

மனுஷன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? போய் எடுத்துட்டு வாம்மா!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வருஷத்தில் நான் எடுத்ததிலேயே அதுதான் ஆகச் சிறந்த ஷாட். நந்தா, சென்னையில் இருக்கிற என் எடிட்டர், "அக்கா, இவ்வளவு நீளத்தை எவன் பார்ப்பான், நடுவில் வெட்டலாம்" என்று மாசக்கணக்காகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். மாட்டேன் என்றால் மாட்டேன். என் படத்தில் வெட்டு கிடையாது. வெட்டினால் நடுவில் நீ எதையோ ஒளித்தாய் என்று அர்த்தம். இதைப் பேட்டியில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 17

லாட்ஜில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

ஜூன் மாதம் எடுத்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் செந்நாய்கள் கடமானை மடக்குகின்றன. நான் பாறை மேல். கடமான் விழுகிறது. கொஞ்ச நேரம் பொறுத்து ஊர்க்காரர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள், நாய்கள் விலகிப் புதரோரம் நிற்கின்றன. யாரும் நாயை அடிப்பதில்லை. ஈரலும் முன்னங்காலும் நாய்க்கென்று அங்கேயே வைத்துவிட்டுத்தான் மிச்சத்தைத் தூக்குகிறார்கள். நான் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டே பின்னால் போகிறேன், மூச்சு வாங்குகிறது, நிறுத்தவில்லை.

அப்புறம் கூறு போடுகிறார்கள். தேக்கிலையில் குவியல் குவியலாகக் கறி. ஜடையனின் அக்கா கெம்மி மலையைப் பார்த்து, குவியலுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். மாதி ஒரு குவியலைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பாள். கெம்மி திரும்பாமலே ஒரு வீட்டின் பேர் சொல்வாள். பெரிய கூறா சின்னக் கூறா என்று அவளுக்குத் தெரியாது, அதனால் பின்னால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. பேர் சொன்னபிறகு எனக்கு வேண்டாம் என்று சொல்லவும் கூடாது. நஞ்சனுக்கு. வெள்ளிக்கு. காலொடிஞ்ச மசணனுக்கு. பேர் சொன்னதும் ஒவ்வொருத்தராக வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஒவ்வொரு முகமும் ஃபோகஸில். ஒவ்வொரு பேரும் மைக்கில்.

அட கடவுளே.

இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒருத்தனை விட்டுவிட்டு ஊரையே ஏற்றுவார்கள்.

கடைசி வரை பார்க்கவில்லை. தேவையில்லை.

ஜூலை 18

கூறு போட்டதைச் சொன்னதும் லூர்து சார் முகம் தொங்கிவிட்டது. கொன்ற கேஸ் வேறு, கறி வைத்திருந்த கேஸ் வேறாம். இரண்டாவது சின்னது, ஜாமீன் கேட்கலாம், வழிவழியாக வந்த வழக்கம் என்று வாதாடவும் இடமிருக்கிறது. ஆனால் வாங்கின அத்தனை பேர் மேலும் வரும்.

"நாய் கொல்றது வரைக்கும் வெட்டிக் கொடுத்துடறேன் சார்."

"ஒரிஜினல் மெமரி கார்டைக் கேப்பாங்கம்மா. இல்லேன்னு சொன்னா, நீங்க கொடுத்த துண்டையும் நம்பமாட்டாங்க. கொடுத்தா முழுசாக் கொடுக்கணும். இல்லேன்னா பேசாம இருக்கணும்."

இன்னொன்றும் சொன்னார். நேற்று கிளைச்சிறையில் ஜடையனைப் பார்த்தாராம். யார் யார் கறி வாங்கினீர்கள் என்று ரேஞ்சர் கேட்டதற்கு, "நான் ஒருத்தன்தான், தனியாத் தின்னேன்" என்று எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்துவிட்டானாம்.

நந்தாவுக்குப் போன் போட்டேன், ஆறுதலாக ஏதாவது சொல்வான் என்று. "நான் அப்பவே சொன்னேன்ல அக்கா, பின்னாடி ஏதோ தொங்குது, குளோசப்பா மாத்திடலாம்னு. நீதான், அந்தப் புகையும் அந்தப் பரணும் இல்லேன்னா ஷாட்டே செத்துடும்னே" என்றான். போனை வைத்துவிட்டேன். எடிட்டர் என்றால் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொண்டு திரிய வேண்டுமா?

ட்ரெய்லரை நெட்டிலிருந்து எடுத்துவிட்டேன். இனி எடுத்தென்ன, எடுக்காமல் என்ன.

ஜூலை 20

மேலே போனேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாதி களி கிண்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு உருண்டை வைத்தாள். கெம்மியும் வந்தாள், அப்புறம் ஒவ்வொருத்தராக ஊரே வந்துவிட்டது. வக்கீல் சொன்னதை எல்லாம் சொன்னேன். கேஸ், ஜாமீன், சிறை எதற்கும் கெம்மி அசையவில்லை. தனியாகத் தின்றேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான் என்றதும் எழுந்து நின்றாள்.

"என்னது? எந்தம்பி தனியாத் தின்னானா?"

"உங்களைக் காப்பாத்தறதுக்குச் சொல்லியிருக்கான் கெம்மியக்கா."

"எதுக்குச் சொன்னா என்ன? தனியாத் தின்னவன்னு பேப்பர்ல இருக்குமா? அந்தப் பேரோட அவன் எப்படி இந்த ஊருக்குள்ள வருவான்? எப்படி என் முன்னால குந்துவான்?" ஜெயிலுக்குப் போனவர்கள் இந்த ஊரில் முன்பும் உண்டு, திரும்பி வந்து சேர்ந்துகொண்டார்கள். தனியாகத் தின்ற ஒருத்தன் இருந்தானாம், எப்போதோ. அவன் பேரை இப்போது யாரும் எந்தக் குழந்தைக்கும் வைப்பதில்லை.

"அந்தப் படத்தைப் போடு" என்றாள்.

பள்ளிக்கூடத்து அறையில் லேப்டாப்பை வைத்துப் போட்டேன். கடமான் விழும்வரை மூச்சுச் சத்தம்கூட இல்லை. கூறு போடுகிற இடம் வந்ததும் ஒரே சிரிப்பு. "நஞ்சன் நடையைப் பாரு, மாப்பிள்ளை ஊர்வலம்!" "வெள்ளி, கறி வாங்கறப்பவாவது சீலையை ஒழுங்காக் கட்டக்கூடாதா?" வீட்டுக்காரன் சிறையில் இருக்கிற மாதிகூடச் சிரித்தாள். நான் கையை நீட்டி நிறுத்தப்போனேன். "இரு, இன்னும் இருக்கு" என்றாள் கெம்மி.

இருந்தது. கேமராவைக் கல்லின் மேல் வைத்திருக்கிறேன், ஓடிக்கொண்டிருக்கிறது. இலையில் ஒரே ஒரு குவியல் மிச்சம். மாதி தொடுகிறாள். "இது யாருக்கு?" கெம்மி மலையைப் பார்த்தபடியே, "பொட்டிக்காரிக்கு" என்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். என் கை உள்ளே வருகிறது. எங்கப்பாவின் பழைய வாட்ச் கட்டின கை. இலையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறது. ஷாட் அங்கே முடிகிறது.

இதை நான் வக்கீலிடம் சொல்லவில்லை. மறந்துபோயிற்று என்று எழுதினால் இந்தப் பேனாவே சிரிக்கும். சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன், அவ்வளவுதான், அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

எல்லாரும் கீழே போவது என்று முடிவாகிவிட்டது. கூறு வாங்கினவர்கள் எல்லாரும் போய், நாங்களும் வாங்கினோம் என்று சொல்வார்கள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "குழந்தைகள் இருக்கு, கேஸ் வந்தா இதைச் சாக்கா வெச்சு ஊரையே காலி பண்ணச் சொல்வாங்க" என்றேன். "காலி பண்ணச் சொல்ல அவங்களுக்குச் சாக்கு வேற வேணுமாக்கும்" என்றான் நஞ்சன்.

போகும்போது மாதி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "கடைசியில உன் கை வர்றதை மட்டும் எடுத்துடு."

"ஏன்?"

"நீ வெளியில இருந்தாத்தான் எங்களுக்குப் பேச ஆளு. கெம்மிகிட்டயும் சொல்லிட்டேன், சரின்னுட்டா." அப்புறம், "உனக்கென்ன, நாலு வெட்டு வெட்டத் தெரியாதா?" என்றாள். கிண்டலா இல்லையா என்று அவள் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜூலை 21

நியாயமாகத்தான் சொல்கிறாள். நான் சாட்சியாக இருந்தால்தான் உபயோகம். உள்ளே போய்விட்டால் படத்தை யார் முடிப்பது, பத்திரிகைக்காரர்களிடம் யார் பேசுவது? துளி வெட்டு. யாருக்கும் தெரியாது.

ஜூலை 22

துணி துவைத்தேன். லாட்ஜ் வாளி ஓட்டை. மத்தியானம் வெட்டிவிட்டேன்.

ஜூலை 23

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நானே மாற்றிச் சொல்லுவேன்.

ரேஞ்சர் ஆபீஸ் கொள்ளவில்லை. இரண்டு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். மசணனை நஞ்சன் முதுகில் தூக்கி வந்தான். லூர்து சார் தலையில் அடித்துக்கொண்டார். "கேஸ் இல்லாத ஆளுங்க கேஸைத் தேடி வர்றதை இன்னிக்குத்தான் பார்க்கறேன்." ஆனாலும் ரேஞ்சரிடம் நன்றாகப் பேசினார். கொன்றது நாய், அதற்கு ஆதாரம் இருக்கிறது, இவர்கள் தாங்களாக வந்து பங்கு வாங்கியதைச் சொல்கிறார்கள், அதையும் பதிவு பண்ணுங்கள், கொன்ற கேஸை விடுங்கள் என்றார்.

ரேஞ்சர் மேஜையில் லேப்டாப்பை வைத்தேன். வெட்டின ஃபைலை ஓடவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை, சும்மா சொல்லக்கூடாது, நாய் கடமானை மடக்குகிற இடத்தில் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கூறு போடுகிற இடத்தில் ஒவ்வொரு பேரையும் காவலரை எழுதச் சொன்னார். பேர் வரவர அந்தந்த ஆள் "நாந்தாங்க" என்று முன்னால் வந்தார். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கிற மாதிரி இருந்தது. கெம்மி மட்டும் மேஜைக்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

வீடியோ முடிந்தது. கடைசி ஃப்ரேம் அப்படியே திரையில் நின்றது.

ரேஞ்சர் உற்றுப் பார்த்தார். "ஒரு கூறு மிச்சம் இருக்கே" என்றார்.

என் கையை வெட்டினேன், என் பேர் சொன்ன குரலை வெட்டினேன். குவியலை எப்படி வெட்டுவது? இலையில் அது பாட்டுக்கு இருக்கிறது. இத்தனை வருஷம் வெட்டவே மாட்டேன் என்று திமிராகத் திரிந்தவள், முதல்முறை வெட்டினேன், இப்படி வெட்டினேன்.

அவர் விரலைத் திரையில் வைத்தார். அந்தக் குவியலைத் தொட்டார். "இது யாருக்கு?"

அவருக்குத் தெரியாது, அவர் என்ன கேட்டார் என்று. ஆனால் அறையில் இருந்த அத்தனை பேரும் கெம்மியின் முதுகைப் பார்த்தார்கள். கேட்டால் சொல்லியாக வேண்டும், அதுதான் அவர்கள் வழக்கம். எனக்காகக் கெம்மி அதை மாற்றினாள். "நாய்க்குங்க" என்றாள்.

"நாய்க்குத்தான் முதல்லயே ஓடைகிட்ட வெச்சுட்டீங்களே, பார்த்தேனே. மறைக்கறீங்களா? இந்த வீடியோல எதை எதை வெட்டியிருக்கீங்க?" குரல் மாறிவிட்டது. காவலர் எழுதுவதை நிறுத்தினார். லூர்து சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த ஒரு குவியலால் முழு வீடியோவும் பொய்யாகப்போகிறது, ஜடையன் கொன்றவனாகவே உள்ளே கிடக்கப்போகிறான் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"பொட்டிக்காரிக்கு" என்றேன்.

"யாரு அது?"

"நான்தான் சார். கடைசியில என் கை வருது. நான்தான் வெட்டினேன். ஒரிஜினல் கார்டு இதோ." பர்ஸிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். ஏன் அதைக் கையோடு எடுத்துப் போனேனோ.

முழுவதையும் போட்டுப் பார்த்தார். என் கை வந்தது, போனது. "நீங்க படிச்சவங்க. அது என்ன கறின்னு தெரிஞ்சுதான் வாங்கினீங்களா?"

"தெரியும்."

"சாப்பிட்டீங்களா?"

இங்கே ஒரு வழி இருந்தது. மாதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டேன்" என்றேன்.

எழுதிக்கொண்டார்கள். கேமரா, லேப்டாப், கார்டு எல்லாம் ஜப்தி. வெளியே வந்ததும் லூர்து சார், "ஏம்மா, காலையில சாட்சி, மத்தியானம் குற்றவாளி. நல்லா இருக்கு" என்றார். அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 6

எல்லாருக்கும் ஜாமீன். கொன்ற கேஸை விட்டுவிட்டார்கள், மற்றது நடக்கும், எத்தனை வருஷமோ. திங்கட்கிழமைதோறும் ரேஞ்சர் ஆபீசில் கையெழுத்து.

ஜடையன் வெளியே வந்ததும் என்னைத்தான் முதலில் பிடித்தான். "ஏ பொட்டிக்காரி, பொட்டி எங்கே?"

"பொட்டி ஜெயிலுக்குப் போயிடுச்சு."

"நல்லா வேணும் அதுக்கு" என்று சிரித்தான். அதே சிரிப்பு. எடுக்க என்னிடம் எதுவும் இல்லை. படம் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 11

காலையில் வெள்ளி காட்டுக்கிழங்கு நிறைய வெட்டிக்கொண்டு வந்தாள். அடுப்பில் சுட்டுக் கூறு போட்டார்கள். கேஸுக்கு அப்புறம் முதல் கூறு. கெம்மி மலையைப் பார்த்து உட்கார்ந்தாள். "இது யாருக்கு?" "எந்தம்பிக்கு" என்றாள் முதலில், சத்தமாக, மலைக்கே கேட்கிற மாதிரி. ஜடையன் எழுந்துபோய் வாங்கினான். அவனுக்குக் கண் கலங்கியதைப் பார்க்காத மாதிரி எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் என் பேரும் வந்தது. இலையை எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். மாதி பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அன்னிக்கு நீ பள்ளிக்கூடத்துக்குப் பின்னால கறியை வீசினியே, நான் விறகு பொறுக்கிட்டு நின்னேன்" என்றாள், கிழங்குத் தோலை உரித்துக்கொண்டே.

அருவருப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. பயம். பின்னால் கேஸ் ஏதாவது வந்தால் நான் தின்னவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அன்றைக்கே ஒரு புத்தி எனக்குள் ஓடியது. இதை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன்.

"கெம்மிகிட்ட சொன்னியா?"

"சொல்லியிருந்தா உன் பேரை மறுபடி கூப்பிட்டிருப்பாளா?"

"இனிமே சொல்லுவியா?"

"எதுக்கு? அன்னிக்குத்தான் நீ வாங்கல. ரேஞ்சர் முன்னால வாங்கிட்டியே" என்றாள். "சாப்பிடு, ஆறிப்போவுது."

கிழங்கு ஒரு பக்கம் வேகவே இல்லை. முழுசையும் தின்றேன்.